ஏற்றுமதிச் சரக்கு

நியூசிலாந்தின் ஏற்றுமதிப் பட்டியலில் பால்மாவு உண்டு. ஆட்டிறைச்சி உண்டு. கிவிப் பழம் உண்டு. உறையூரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகனும் உண்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவன் இங்கே வந்து கொட்டும் பணத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயரே ‘கல்வி ஏற்றுமதி’தான். பையன் உள்ளே வருகிறான்; கணக்கில் வெளியே போகிறான். 2025 ஜூலையில் வெலிங்டன் ஒரு திட்டம் வெளியிட்டது. 360 கோடி டாலராக இருக்கும் இந்த வியாபாரத்தை 2034-க்குள் 720 கோடி ஆக்கப் போகிறார்களாம். பத்தே வருடத்தில் இரண்டு மடங்கு கறப்பேன் என்று மாட்டுக்காரன்கூடச் சொல்ல மாட்டான். மாடு செத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். வேலையை அவர்கள் முன்பே தொடங்கியும் விட்டார்கள். மாணவர் விசாக் கட்டணம் 2024 அக்டோபரில் 375 டாலரிலிருந்து 750 ஆனது. இரட்டிப்புக்குப் பிள்ளையார் சுழி.

தம்பி கூப்பிட்டபோது அவனுக்குச் சாயங்காலம், எனக்கு நடுராத்திரி.

“அண்ணே, பையனுக்கு ரெண்டு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு ஆக்லாந்து யுனிவர்சிட்டி, உலகத்துல அறுபத்தஞ்சாவது ரேங்க். இன்னொண்ணு ஏயூடி, ஆக்லாந்து டெக்னாலஜி யுனிவர்சிட்டி. நானூத்திச் சொச்சம். ஆனா ஃபீஸ் கம்மி. எதுல போடலாம்?”

பையனை ஏதோ சீட்டுக் கம்பெனியில் போடுவதுபோலக் கேட்டான். தப்பில்லை. வீட்டை அடமானம் வைத்துவிட்டுத்தான் கேட்டான்.

முதலில் அந்த அறுபத்தைந்தைப் பார்ப்போம். பட்டியல் போடுவது கியூஎஸ் என்ற லண்டன் கம்பெனி. அதன் 2023 பட்டியலில் ஆக்லாந்து 87-ஆவது. அடுத்த பட்டியலில் 68. ஒரே வருடத்தில் பத்தொன்பது படி! பேராசிரியர்கள் எல்லோரும் வல்லாரைக் கீரை சாப்பிட்டார்களா? இல்லை. அந்த வருடம் கியூஎஸ் படியை மாற்றியது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்குக்கு அதுவரை 20 சதவீத மதிப்பெண். அதைப் பத்தாக வெட்டியது. பட்டியல் முழுவதிலும் மாணவன் வகுப்பில் உட்கார்ந்தால் நேரடியாக உணரக்கூடிய சங்கதி அது ஒன்றுதான். மிச்சமானதைச் சுற்றுச்சூழல் அக்கறை, சர்வதேசத் தொடர்பு, இத்யாதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. இன்றைக்கும் 45 சதவீதம் வெறும் பெயர்: பேராசிரியர்களிடமும் முதலாளிகளிடமும் “எது நல்ல பல்கலைக்கழகம்?” என்று கேட்டு வாங்கும் அபிப்பிராயம். நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது “நல்ல குடும்பம்னு கேள்வி” என்பார்களே, அதற்கு லண்டனில் தசமப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார்கள்.

சரி, இந்தப் பெயருக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மவுண்ட் ராஸ்கில்லில் என் பக்கத்து வீட்டுப் பெண் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் தோழி ஏயூடியில். இரண்டு பேர் கட்டணத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தை வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று அரசு கடிவாளம் போட்டிருக்கிறது. 2025-க்கு உச்சவரம்பு 6 சதவீதம். ஆக, உள்ளூர்க்காரனுக்கு 65-ம் நானூறும் ஏறக்குறைய ஒரே விலை. ரேங்குக்குத் தனி விலை உறையூர்க்காரனுக்கு மட்டும். அவனுக்குக் கடிவாளமும் இல்லை, வரம்பும் இல்லை. அதே வகுப்பு, அதே பெஞ்சு, அதே பவர்பாயிண்ட். பக்கத்து இருக்கைக்காரி கட்டியதைப்போலப் பல மடங்கு. வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலரைத் தாண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ இருபது லட்சம். சோறு தனி, வாடகை தனி.

இதில் ஒரு தமாஷ் உண்டு. முனைவர் பட்டத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவனுக்கு மட்டும் உள்ளூர்க் கட்டணம்தான். பல வருடமாக அப்படித்தான். ஏன் இந்தக் கருணை? அவன் ஆய்வுக் கட்டுரை எழுதுவான். கட்டுரை மேற்கோள் ஆகும். மேற்கோள் ரேங்க் ஏற்றும். ரேங்கைக் காட்டி அவன் தம்பியிடம் முழு விலை வாங்கலாம்.

நம் ஆட்களையும் சும்மா விடுவதற்கில்லை. இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இந்த ரேங்க் வியாதி பிள்ளையின் பதின்மூன்று வயதிலேயே ஆரம்பம். ஆக்லாந்து கிராமர் பள்ளிக்கும் எப்சம் பெண்கள் கிராமருக்கும் ‘ஜோன்’ என்று எல்லைக்கோடு உண்டு; உள்ளே குடியிருந்தால் இடம் உறுதி. கோட்டுக்குள் இருக்கும் ஓட்டை வீட்டுக்கு, கோட்டுக்கு வெளியே இருக்கும் நல்ல வீட்டைவிட விலை அதிகம். அரசாங்கப் பள்ளிதான், இலவசம்தான். இலவசத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க முப்பது வருடக் கடன். அன்னதானப் பந்தியில் இலை விழுவதற்குள் கேள்வி விழுந்துவிடும்: “உங்க பையன் ஜோனுக்குள்ளதானே?”

மறுபடி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பெரிய இடம் வாங்கும் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 2018-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகம் நுண்கலை, கட்டடக்கலை, இசைக்கென்று தனித்தனியாக இருந்த நூலகங்களை மூடியது. மாணவர்கள் வீதியில் இறங்கிக் கத்தினார்கள். சிக்கனம் என்றார்கள். பிறகு சிக்கனம் பார்னல் என்ற பணக்காரப் பேட்டைக்குக் குடிபோனது. புதிய துணைவேந்தர் தங்க அங்கே ஐம்பது லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கினார்கள். 2020 இறுதியில் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார்: இந்தச் செலவுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. தணிக்கையாளர்கள் மென்மையாகப் பேசுபவர்கள். அவர்கள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால், மற்றவர்கள் பாஷையில் அது அறை. பிறகு வீட்டை விற்கக் கிளம்பினார்கள். நூலகங்கள் திரும்பி வரவில்லை.

“அப்போ விலை குறைஞ்ச இடமே போதும்ங்கறீங்களா?” என்றான் தம்பி.

அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். பகட்டுக் கடைக்காரனாவது கடையைத் திறந்து வைத்திருக்கிறான். ஏயூடி 2022-இல் கல்விப் பணியாளர்கள் 170 பேரை வீட்டுக்கு அனுப்பக் கிளம்பியது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. போட்ட ஒப்பந்தத்தையே மீறிவிட்டீர்கள் என்று வேலை உறவு ஆணையம் தலையில் குட்டியது. கொடுத்த நோட்டீசை வாங்கி மடித்து வைத்தார்கள். நகரத்தின் வடக்கே ஆல்பனியில் மாஸி பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேல். அறிவியலுக்கென்று பளபளப்பாகப் புதுக் கட்டடம் எழுப்பிய கையோடு, அங்கே அறிவியல் பாடங்களையே மூட்டை கட்ட முடிவெடுத்தது. கல்யாண மண்டபம் கட்டிவிட்டு மாப்பிள்ளையை விரட்டிய கதை.

இன்னும் இறங்கினால் மவுண்ட் ஆல்பர்ட்டில் யூனிடெக் பாலிடெக்னிக். 1867-இல் மனநோய் மருத்துவமனையாகத் திறந்த பழங்கட்டடம் அதன் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பைத்தியக்காரத்தனம் பண்ணியவர்கள் அங்கே இருந்ததில்லை; வெலிங்டனில் இருந்தார்கள். 2018-இல் யூனிடெக் கடனில் மூழ்கியது. அரசு ஆணையரை அனுப்பி ஐந்து கோடி டாலர் கடன் கொடுத்தது. 2020-இல் ஒரு ஞானோதயம்: நாட்டிலுள்ள பதினாறு பாலிடெக்னிக்குகளையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் என்ன? ‘தே பூக்கெங்கா’ பிறந்தது. ஆட்சி மாறியது. இன்னொரு ஞானோதயம்: கிண்டியதைப் பிரித்தால் என்ன? 2026 ஜனவரியில் பத்து பாலிடெக்னிக்குகள் மறுபடி தனியாகக் கிளம்பின; மிச்சம் அப்போதைக்குச் சட்டியிலேயே. பெயர்ப்பலகை எழுதுபவன் இரண்டு முறை சம்பாதித்தான். நடுவில் படித்தவன் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று சொல்லவே ஒரு பத்தி எழுத வேண்டும்.

தச்சுவேலையும் குழாய்வேலையும் வண்டி ரிப்பேரும் சொல்லிக் கொடுக்கிற இடங்கள் இவை. இந்த ஊரில் குழாய் ஒழுகினால் பிளம்பர் வந்து எட்டிப்பார்க்க வாங்கும் காசைக் கேட்டால் எம்பிஏக்காரனுக்குக் கண்ணீர் வரும். அந்தப் படிப்பைத்தான் எட்டு வருடமாகப் பந்தாடினார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “கன்சல்டன்ட் அப்படிச் சொல்லலையேண்ணே” என்றான்.

எப்படிச் சொல்வான்? பையன் சேர்ந்தால் அவன் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு கன்சல்டன்டுக்குக் கமிஷன். கட்டணம் பெருத்தால் கமிஷனும் பெருக்கும். உன்னிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கவில்லை என்றால் நீதான் சரக்கு என்று அர்த்தம். 2017-இல் பொன்சன்பி சாலையில் உள்ள ஒரு தேவாலயத்தில் இந்திய மாணவர்கள் சிலர் அடைக்கலம் புகுந்தார்கள். விசா மனுவோடு ஊரில் ஏஜென்ட் வைத்த வங்கிக் காகிதம் பொய். தங்களுக்குத் தெரியாது என்றார்கள். நாட்டை விட்டுப் போ என்றது அரசு. போனார்கள். கட்டணம் வாங்கிய கல்லூரிகளை யாரும் நாடு கடத்தவில்லை.

பையன் கடைசியில் அறுபத்தைந்தில்தான் சேர்ந்தான். பிரின்சஸ் தெருவில் 1926-இல் திறந்த மணிக்கூண்டு முன்னால் நின்று எடுத்த படம் உறையூர் முழுக்கச் சுற்றியது. தம்பி பெண்டாட்டி அதை ஃப்ரேம் போட்டு மாட்டினாள். அடமானப் பத்திரத்தை யாரும் மாட்டவில்லை.

பாடம் நடக்கும் காலத்தில் மாணவன் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றிருந்தது, 2025 நவம்பர் 3 முதல் இருபத்தைந்து ஆனது. பெரிய சலுகை என்று அமைச்சகம் மார்தட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 டாலர். காய்ச்சல், தீபாவளி, பரீட்சை எதற்கும் லீவு போடாமல் ஐம்பத்திரண்டு வாரமும் அந்த இருபத்தைந்து மணி நேரம் உழைத்தால் 30,550. வரி அதிலிருந்துதான். கட்டணத்துக்கே எட்டாது. அதற்குமேல் வாடகை கொடுக்க வேண்டும். எப்போதாவது சாப்பிடவும் வேண்டும்.

போன மாதம் பையனைக் கிழக்கு டமாக்கியில் ஒரு கிடங்குக்குக் காரில் அழைத்துப் போனேன். இரவு ஷிஃப்டுக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னொரு தமிழ்ப் பையன், மதுரைக்காரன். ஏயூடியில் படித்து முடித்தவன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ரேங்க் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கண்காணிப்பாளர் வந்தார். என் தம்பி மகன் ஃபைலைத் திறந்து பல்கலைக்கழக முத்திரை போட்ட காகிதத்தை எடுத்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. இருவரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்:

“ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இருக்கா?”

மதுரைக்காரனிடம் இருந்தது.