அகாகியின் பலகை எந்தப் பக்கம் ஓடுகிறது?

கேள்வி: விமானந்தாங்கிக் கப்பல் கிட் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பெட்டிப் படமே அசத்துகிறது. வாங்கலாமா?

பதில்: படம் ஓவியரின் கைவண்ணம். நாம் காசு கொடுப்பது உள்ளே இருப்பதற்கு. திறந்ததும் ஸ்கேலை எடுங்கள். உதாரணமாக, ஜப்பானின் அகாகி 260.7 மீட்டர் நீளம். 1/350 கிட்டில் ஏறத்தாழ 74.5 செ.மீ., 1/700-ல் 37 செ.மீ. வரவேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகட்டும். ஒரு சென்டிமீட்டர் இடித்தால் மற்ற அளவுகளையும் நம்பாதீர்கள்.

கேள்வி: அளவு சரியாக இருக்கிறது. அடுத்து?

பதில்: ஓடுதளம். விமானந்தாங்கியில் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். பலகைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கப்பல்களில் நீளவாக்கில்; அமெரிக்கக் கப்பல்களில் குறுக்கே. இதில் கோட்டைவிட்ட கம்பெனி வரைபடத்தைப் புரட்டியே பார்க்கவில்லை. பிறகு கோட்டின் ஆழம். 15 செ.மீ. அகலப் பலகை 1/700-ல் 0.2 மி.மீ.தான். கோட்டில் நகம் மாட்டினால், அசல் கப்பலில் அந்தப் பள்ளத்தில் மாலுமி கால் இடறி விழுந்திருப்பார்.

பெரிய கிட்களில் தளத்தை இரண்டு, மூன்று துண்டாகத் தருவார்கள். தப்பில்லை; எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அலையில் கப்பல் வளைந்து கொடுப்பதற்காக அசல் தளத்திலேயே குறுக்கு இடைவெளிகள் உண்டு. வெட்டு அங்கே விழுந்திருந்தால் ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. பலகையின் நடுவே விழுந்திருந்தால் பட்டி பார்த்து உப்புத்தாள் போட வேண்டும். அப்படித் தேய்க்கும்போது பக்கத்துக் கோடுகளும் அழிந்துவிடும். அவற்றைத் திரும்பக் கீறுவது கைதேர்ந்தவர்களுக்கே சோதனை. ஆகவே பசை போடாமல் துண்டுகளைச் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் வேலை காத்திருக்கிறது.

கேள்வி: என் அகாகியில் கோபுரம் இடப்பக்கம் இருக்கிறது. கம்பெனியின் தவறா?

பதில்: அசலே அப்படித்தான். அகாகி, இன்னொரு ஜப்பானிய விமானந்தாங்கியான ஹிர்யூ இரண்டுக்கும் கோபுரம் இடப்பக்கம். அகாகியின் புகைபோக்கி வலப்பக்கம், கடலைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். ஆண்டை மட்டும் கவனியுங்கள். 1927-ல் படையில் சேர்ந்தபோது அதற்கு அடுக்கடுக்காக மூன்று தளங்கள். ஒரே நீளத் தளம் 1935–38 மறுகட்டுமானத்தில் வந்தது.

கேள்வி: விமானங்கள் எத்தனை இருந்தால் போதும்?

பதில்: கம்பெனியின் கஞ்சத்தனம் இங்கேதான் வெளிப்படும். பேர்ல் ஹார்பருக்கு அகாகி கொண்டுபோனவை 18 சீரோ, 18 வால், 27 கேட் என மூன்று வகை விமானங்கள். வகைக்கு மூன்று கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தனிப் பெட்டியில் விற்றால், இரண்டு விலையையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தால் விமானி அறையின் கண்ணாடி இயல்பாக அமையும். ஆனால் பிசிறு கண்ணில் படாது. கண்ணாடியை மறைத்துவிட்டு மெல்லச் சாம்பல் பிரைமர் அடியுங்கள். பிசிறு தானே தெரியும்.

கேள்வி: நான் திருகோணமலைக்காரன். எங்கள் கடலுக்கு வந்த கப்பலைச் செய்ய ஆசை. எதை வாங்கட்டும்?

பதில்: அகாகியையே வாங்குங்கள். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு, 9-ல் திருகோணமலை என ஜப்பான் நடத்திய இரண்டு தாக்குதலிலும் அது இருந்தது. இன்னொரு ஜப்பானிய விமானந்தாங்கியான காகா வேண்டாம்; அது பாறையில் அடிபட்டு, பழுதுபார்க்க ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. அதே 9-ம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். அவோஷிமா கம்பெனி 1/700-ல் ஹெர்மிஸ் கிட் வெளியிட்டிருக்கிறது. சுமார் 26 செ.மீ. வரும் அதை 37 செ.மீ. அகாகிக்குப் பக்கத்தில் வைத்தால் அன்றைய பலத்தின் ஏற்றத்தாழ்வு அப்படியே புரியும். ஹெர்மிஸின் தளத்தில் விமானம் எதையும் ஒட்டாதீர்கள். அன்று அதில் ஒன்றுகூட இல்லை. அவசியம் செய்யுங்கள்; உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய ஜோடி அது.

கேள்வி: பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள் தேவையா?

பதில்: 1/350-ல் தேவை. அந்த மெலிவு பிளாஸ்டிக்கில் வராது. 1/700-ல் உங்கள் கண்ணும் பொறுமையும் இடம் கொடுத்தால் போடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்கு முதல் கிட்டாக இதைத் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரே மாதிரி பீரங்கியைத் திரும்பத் திரும்ப ஒட்டி அலுத்துவிடுவாள். 1/72 சீரோ விமானம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூடவே நல்ல நிப்பரும் பசையும். ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.