இறக்கக்காரர்

அட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் அஞ்சலோட்டம் ஓடிப் பார்ப்போமே என்று நாலைந்து தோட்டத்துப் பொடியன்கள் கடையில் உட்கார்ந்து பேச்செடுத்தால், அவர்களில் ஒருவர் மட்டும் வாயே திறக்கமாட்டார். மற்றவர்கள் டீசேர்ட்டின் நிறத்துக்குச் சண்டை போடும்போது, அவர் மேசையில் சிந்திய சாயத்தண்ணியை விரலால் தொட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். கோடு அட்டனில் தொடங்கித் தலவாக்கலைவரை சரியும். பிறகு லிந்துலை, நானுஓயா என்று ஏறி மேசை விளிம்புக்கே போய்விடும். யாரும் பார்ப்பதற்குள் அதைத் துடைத்துவிட்டு, "மொதத் துண்டு எனக்குக் குடுங்க மச்சான். மிச்சத்த நீங்க பிரிச்சுக்கங்க" என்பார். கேட்பவர்களுக்கு விட்டுக்கொடுப்பது போலவே இருக்கும்.

இவர்தான் இறக்கக்காரர். மலையகத்தில் எந்தக் கூட்டாளிமார் கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு.

அவர் படித்ததெல்லாம் ரயில்வே ஸ்டேசன் பலகைகளில். மலைநாட்டு நிலையங்களில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதியிருப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் பிடிப்பார்கள்; இவர் மனப்பாடம் செய்வார். அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், தலவாக்கலை 1,200. நுவரெலியா நகருக்கு இப்போது ரயில் கிடையாது; ஆனாலும் அது 1,870க்குக் கிட்ட என்று எங்கேயோ விசாரித்து வைத்திருப்பார். கணக்கு லேசு. அவர் பங்கில் 70 மீற்றர் கீழே, கூட்டாளிகள் பங்கில் 670 மீற்றர் மேலே.

ஏறக்குறைய 50 கிலோமீற்றர் பாதையில் அவருடைய துண்டு கண்ணுக்கும் குளிர்ச்சியானது. கொட்டகலையைத் தாண்டினால் ஒரு பக்கம் டெவோன், கொஞ்சம் தள்ளி சென் கிளயர். அருவி பார்க்க நிற்கிற வேன்காரர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு போவார். கையில் கோலாக இருப்பது அம்மாவின் உடைந்த மட்டக்கம்பில் நறுக்கிய ஒரு துண்டு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல்மட்டம் பிசகாமலிருக்க வைத்துப் பார்க்கிற கம்பு அது. தலவாக்கலையில் அதை அடுத்தவன் கையில் திணித்ததும் அவருடைய ஓட்டம் முடிந்தது. பயிற்றுநர் உத்தியோகம் தொடங்கிவிடும்.

பின்னால் வருகிற ஆட்டோவில் ஏறி, ஒரு கையில் பருப்பு வடையோடு தலையை வெளியே நீட்டுவார். நானுஓயா ஏற்றத்தில் ஒருத்தன் பனிமூட்டத்துக்கும் மரக்கறி லொறிக்கும் நடுவில் நாக்குத் தள்ளிக்கொண்டிருப்பான். "மூக்கால மூச்சு எடு மச்சான்! கைய வீசாத! இன்னும் கொஞ்சந்தான்!" கொஞ்சம் என்று அவர் சொல்கிற இடத்திலிருந்து இன்னும் ஐந்து கிலோமீற்றர் இருக்கும். சித்திரைச் சீசன் காலம் என்றால் நுவரெலியா போகிற கார்களெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கார்களுக்கும் இவரே வர்ணனை சொல்வார்.

யாராவது வாய்விட்டுக் கேட்டால் ஜப்பானைக் கூப்பிடுவார். அங்கே 1920இல் தொடங்கிய ஹக்கோனே எக்கிடென் ஓட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் அணிக்குப் பத்துப் பேராகத் தோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்கு ஓடித் திரும்புகிறார்கள். இரண்டு நாள், 217 கிலோமீற்றர் சொச்சம். கோலுக்குப் பதில் தோளில் மாட்டும் துணிப்பட்டி. ஆறாவது ஆள் மலையிலிருந்து இறங்குகிறவன். "அங்க எறக்கத்துக்குன்னே தனியா ஆளப் பழக்குறான் தெரியுமா?" என்பார். சொல்வது உண்மைதான். ஐந்தாவது ஆள் 800 மீற்றருக்கு மேல் ஏறுகிறான் என்பதையும், மலைக் கடவுள் என்று ஜப்பான்காரர்கள் பட்டம் கொடுத்தது அந்த ஏற்றத்தில் அசத்தியவர்களுக்குத்தான் என்பதையும் மட்டும் சொல்லமாட்டார்.

இந்த விஷயமெல்லாம் வீட்டில் எடுபடாது. "மல ஏறுறதுக்குக் காசு குடுத்து சட்ட வேற வாங்குனீங்களா? எங்கள ஏத்துறதுக்குத் தொர சம்பளமில்ல குடுக்குறாரு" என்று அம்மா சிரிப்பார். யார் எந்தத் துண்டு ஓடினார்கள் என்று ஒவ்வொருவராய்ச் சொல்லக் கேட்டுவிட்டு, மகனிடம் வந்ததும் ஒரே வார்த்தை: "அரப்பேரு." கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைநாள் சம்பளம் போடுகிற அந்தக் கணக்கை லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டோக்காரர்கூடச் சிரித்துவிடுவார்.

ஆனால் இறக்கமும் சும்மா விடுவதில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தசைநார் கூடுதலாக அடிபடும். வலி அன்றைக்குத் தெரியாது; ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஏறினவன் மறுநாளே வொலிபோல் ஆடப் போய்விடுவான். இறக்கக்காரர் மூன்றாம் நாள் காலையில் லயத்துப் படியில் பின்பக்கமாகத் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு காலாகக் கீழே வைப்பார். பார்க்கிற பொம்பளைகளிடம் "சும்மா ஒரு எக்சர்சைஸ்" என்பார்.

அன்று பின்னேரம் அதே கடை, அதே மேசை. இந்தத் தடவை அவரே முதலில் பேசுவார்.

"எனக்கும் மனசு கேக்கல மச்சான். எப்பவும் நீங்கதான் ஏறுறீங்க. அடுத்த வருசம் அப்பிடியே திருப்புவோம். நுவரெலியாவுல தொடங்கி அட்டன்ல முடிப்போம்."

எல்லாருக்கும் கண் கலங்காத குறை. அவருக்கும் சேர்த்து இன்னொரு சாயத்தண்ணி சொல்வார்கள். அது வந்து, அவர் பாதி குடித்த பிறகுதான் ஒருத்தனுக்கு உறைக்கும்.

"அப்ப நீ எந்தத் துண்டு?"

"மொதத் துண்டுதான். நமக்குப் பழகிருச்சில்ல?"