கூலன்ட் அண்ணாச்சி

மும்பை பாண்டுப்பில் எந்த சொசைட்டிக்குள் நுழைந்தாலும் இப்படி ஓர் அண்ணாச்சி இருப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, எல்.பி.எஸ். மார்க் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக் கார் கிடையாது. அதனாலேயே, யார் வீட்டுக் கார் சர்வீஸ் முடிந்து வந்தாலும் அது அவர் பொறுப்பு.

வண்டி நின்றதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். மேலப்பாளையம் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரின் முகம். "பில்ல காட்டுடே" என்பார். அதில் 'கூலன்ட் டாப்-அப்' என்று இருந்தால் தொலைந்தோம்.

"என்னத்த ஊத்துனான்? பச்சையா, செவப்பா?"

நமக்குத் தொகைதான் தெரியும், நிறமா தெரியும்?

"கொழாத் தண்ணி ஊத்தலியே?"

வேடிக்கை இங்கேதான். மும்பையின் குடிநீரில் பெரும்பகுதி இதே பாண்டுப்பில்தான் சுத்தமாகிறது. மாநகராட்சியின் சுத்திகரிப்பு வளாகம் ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஊரே நம்பிக் குடிக்கிற அந்தத் தண்ணீரை அண்ணாச்சி ரேடியேட்டருக்குக் கொடுக்க மாட்டார். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. "கொழாத் தண்ணில உப்பு இருக்கு. மனுசன் தாங்குவான், அலுமினியம் தாங்குமா?" பழைய பத்மினி டாக்ஸிகளின் பேச்சு வந்தாலும் இதே கதைதான். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது, டாக்ஸிகளுக்கான 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விடைபெற்றது. அண்ணாச்சி கணக்கில் பத்மினிகளைக் கொன்றது சட்டமல்ல, கண்ட தண்ணீர்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியருகே நம் கை போனால் மட்டும் அதட்டுவார். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. திறந்தால் பொங்கி முகத்துக்கு வரும்.

பிறகு காற்றெடுக்கும் சடங்கு. கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொண்டால், டேங்கில் அளவு சரியாகவே காட்டும். எஞ்சின் வெந்து போகும். அதற்காக மே மாத வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, நம்மை உள்ளே உட்கார வைப்பார்.

"சூடா வருதா?"

"வருது அண்ணாச்சி."

"நல்லா வருதா?"

பனியன் நனைந்த பிறகே நம்புவார். மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே நிற்பார். தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரிக்கு இடையில் எங்கோ திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த ஹோஸ் சட்டென்று சுடும். ஃபேன் ஒரு தடவை சுற்றி நின்றால்தான் நமக்கு விடுதலை. கிளாம்ப் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவி மோந்து பார்ப்பது தனிக் கதை.

கேரேஜ்காரர்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது. எங்களுக்கும் சில நாள் ஆகாதுதான். ஆனால் லோனாவாலா போகும் வழியில் கண்டாலா மலையேற்றத்தில் பானெட்டைத் தூக்கிவைத்து நிற்கிற வண்டிகளில் எங்கள் சொசைட்டி வண்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. லோனாவாலா கிளம்புகிறவர்கள் முந்தின நாளே அவரிடம் காட்டிவிடுங்கள். விடியற்காலையில் காட்டுங்கள், எஞ்சின் லேசாகச் சுட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.