அரை மணி நேரத்தின் அதிபதியே!

புரதப் பொடி டப்பாவே, உடல்மீது உன்னளவு அக்கறை உள்ளவர் யார்? ஜிம்மில் பையன் கடைசி செட்டை முடித்து டம்பெல்லைக் கீழே வைப்பதற்குள் நீ கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாய். அரை மணிக்குள் உன்னைக் கலக்கிக் குடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்கிறாய். பெற்ற தாய்கூடப் பிள்ளையை இப்படி அவசரப்படுத்திச் சாப்பிடவைத்ததில்லை.

2013-இல் ஷோன்ஃபெல்ட், அராகன், கிரீகர் என்ற மூவர், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நாள் முழுவதும் உண்ணும் மொத்தப் புரதத்தையும் கணக்கில் சேர்த்ததும், உடனே குடித்ததால் வந்ததாகத் தெரிந்த பலன் மறைந்துபோயிற்று. பளு தூக்கிய தசை 24 மணி நேரமாவது புரதத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும். மாலையில் பயிற்சி செய்தவனுக்கு இரவுச் சாப்பாடும் மறுநாள் காலை இட்லி சாம்பாரும் கணக்கில் சேரும். அந்த முழு நாளை அரை மணியாகச் சுருக்கியவன் நீ. காலத்தையே கட்டி ஆளும் வல்லமை வேறு யாருக்கு வாய்த்தது!

உன் வளர்ச்சியும் வியப்புக்குரியது. சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீராக, ஒருகாலத்தில் கழிவென்று கொட்டப்பட்டவன் நீ. இன்று கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து விற்கிறார்கள். கணக்கிலும் நீ கெட்டிக்காரன். புரதத்தை நைட்ரஜனைக் கொண்டு அளப்பது வழக்கம். மலிவான கிளைசினையும் டாரினையும் கலந்தால் புரதம் கூடாமலே எண் கூடிவிடும் என்பதை உன் குலத்தார் சிலர் கண்டுகொண்டார்கள். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. குறைவாக உள்ளதை நிறைவாகச் சொல்லும் அந்தத் தாராள மனம் வேர்க்கடலைக்கு ஏது? நூறு கிராமுக்கு 25 கிராம் புரதத்தை வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் பொட்டலமாகிப் பேசாமல் கிடக்கிறது. ஒன்றுக்கு ஆறு கிராம் வைத்திருக்கும் முட்டையும் அப்படியே.

இவற்றையெல்லாம்விட உயர்ந்தது, யாரைப் பயமுறுத்த வேண்டும் என்ற உன் விவேகம். முப்பது வயதுக்குமேல் தசை மெல்லக் கரைகிறது. அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் கூடுகிறது. முதியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதமும், தசைக்குக் கொஞ்சம் பளுவும் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். உனக்கோ, உண்டதெல்லாம் உடம்பில் ஒட்டும் இருபது வயதுப் பையன்மீதுதான் கவலை. கஞ்சியும் ரசம் சோறுமாக நாளைக் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழ முடியாத அவன் பாட்டியிடம் நீ கடிகாரத்தைக் காட்டியதே இல்லை. அவள் தட்டில் ஒரு முட்டையோ இரண்டு கரண்டி சுண்டலோ கூடுவதால் உனக்கு ஒரு காசும் வராது. வராத இடத்தில் வாயே திறக்காத உன் பெருந்தன்மை வாழ்க!