நாற்பதுக்குக் குறையாமல் முடங்குக!

தூத்துக்குடிப் பக்கம் கீழவைப்பார் கடலில் சங்கு குளிக்க இறங்குகிற அனைவருக்கும் ஒரு பொது அறிவிப்பு. முடங்குவது என்று ஆகிவிட்டால், தயவுசெய்து கணக்காக முடங்குங்கள். நாற்பது விழுக்காட்டுக்குக் குறைவாக முடங்கி அரசாங்கத்தின் நேரத்தை வீணடிக்காதீர்கள். முப்பத்தொன்பது என்றால் உங்களுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். நாற்பது என்றால்தான் ஊனம். நடுவில் கிடக்கிற அந்த ஒரு விழுக்காட்டை எத்தனை பாகம் ஆழத்தில் முங்கி எடுப்பது என்பது உங்கள் தொழில் சாமர்த்தியம்.

முடங்குவது எப்படி என்று தெரியாத உள்நாட்டு வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் இருக்கும். பஞ்சர் கடையில் லாரி டயருக்குக் காற்றடிக்கிற அதே சாமான். அதிலிருந்து நீளமாக ஒரு டியூப் தண்ணீருக்குள் போகும். அதன் நுனியைக் குளியாள் பல்லால் கடித்துக்கொள்வார். முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. புகைவாடை கலந்த காற்றை இழுத்தபடி, அடித்தரை மணலைத் துழாவிச் சங்கு பொறுக்குவார். மூச்சைப் பிடித்து முங்கிய அப்பன் பாட்டன் காலத்தில், நெஞ்சுக்காற்று தீர்ந்ததும் மேலே வந்தே ஆக வேண்டும். டியூப் வந்தபிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பை நிறைகிற வரைக்கும் கீழேயே கிடக்கலாம். கிடக்கக் கிடக்க, ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து ஏறுகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழியாகப் பொங்குகிறது. முதுகுத்தண்டில் குமிழி அடைத்தால், வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவர் மறுபடி எழும்ப மாட்டார். இடுப்புக்குக் கீழே மதமதப்பு. கால் சொன்ன பேச்சைக் கேட்காது. மூத்திரம் போவதும் தெரியாது.

இது யாருக்கும் புரியாத மர்ம நோய் அல்ல. குமிழிதான் காரணம் என்று பிரான்சில் பால் பெர் 1878-இலேயே எழுதிவிட்டார். எந்த ஆழத்திலிருந்து எங்கெங்கே எத்தனை நிமிடம் நின்று மேலே வர வேண்டும் என்று 1908-இல் ஹால்டேன் அட்டவணையே போட்டுக் கொடுத்தார், பிரிட்டிஷ் கடற்படைக்காக. வள்ளத்துக்கு வள்ளம் போய் அந்த அட்டவணையைச் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரமில்லை. விண்ணப்பப் படிவத்தை மட்டும் தவறாமல் அச்சடித்துவிட்டோம்.

சரி, படிவத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பரந்த மனசுள்ள சட்டம். முன்பு ஏழு வகையாக இருந்த ஊனத்தை இருபத்தொன்றாக விரித்தது. ஆனால் சலுகைக்குள் நுழைய நாற்பது வேண்டும். அடையாள அட்டையில் நிறமும் உண்டு: நாற்பதுக்குக் கீழே வெள்ளை, நாற்பதிலிருந்து மஞ்சள், எண்பதிலிருந்து நீலம். ஆயுசெல்லாம் நீலத்துக்குள் கிடந்தவருக்கு அட்டையில் அந்த நீலம் கிடைக்க எண்பது விழுக்காடு உடம்பைக் கொடுக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? காலில் 25 விழுக்காடு இழப்பு, கையில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 45 என்று சொல்லிவிடும். விவரமில்லாத பிள்ளை. அரசாங்க மதிப்பீட்டு நெறிமுறை என்ன சொல்கிறது? பெரிய இழப்பை அப்படியே வை. அதைத் தொண்ணூறிலிருந்து கழி. மிச்சத்தைச் சின்ன இழப்பால் பெருக்கு. தொண்ணூறால் வகு. வந்ததைப் பெரிய இழப்போடு கூட்டு. விடை 39.4. கையும் போய்க் காலும் போனபிறகு, நாற்பதுக்கு அரைப்புள்ளி சொச்சம் குறைகிறது! வீட்டுக்குப் போங்கள். அடுத்த தடவை வரும்போது இன்னும் கொஞ்சம் ஒழுங்காக நோய்ப்பட்டு வாருங்கள்.

காதுக்கும் இதே கறார்தான். அழுத்தத்தில் செவிப்பறை கிழிவது குளியாளுக்கு வாடிக்கை. ஆனால் சட்டம் கேட்பது இரண்டு காதையும்; இரண்டிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது மட்டும் போனால் அது உங்கள் சொந்த விஷயம். மிச்சமிருக்கிற காதால் மறுப்பைக் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது நேரில் வருகிற படலம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எந்த ஜன்னலிலும் வசனம் ஒன்றுதான்.

“யம்மா, ஆள் எங்க?”

“கட்டில்ல கெடக்காரு சார். எந்திரிக்க முடியல.”

“எந்திரிக்க முடியலன்னு நீங்க சொன்னா ஆச்சா? டாக்டர்லா சொல்லணும். ஆளக் கூட்டிட்டு வாங்க.”

எழும்ப முடியாது என்பதை நிரூபிக்க எழும்பி வர வேண்டும். ஆட்டோவுக்குக் கடன் வாங்கி, இரண்டு பேர் தோளில் தூக்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறித் தூத்துக்குடிக்குப் போனால், டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்ப்பார். “முன்னேற வாய்ப்பு இருக்கிறது” என்று தற்காலிகச் சான்று தருவார். கெடு முடிந்ததும், கால் இன்னும் முளைக்கவில்லை என்று காட்ட மறுபடியும் ஆட்டோ.

இத்தனையும் தாண்டினால் கிடைப்பது என்ன? தமிழக அரசு பாவம், இருப்பதில் தாராளம்: கடும் பாதிப்புக்கும் முதுகுத்தண்டு பாதிப்புக்கும் 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய், வருவாய்த் துறை ஓய்வூதியம் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து 1500. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் 300 ரூபாய். அதற்கும் எண்பது விழுக்காடு முடங்கியிருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் கிடக்க வேண்டும். 2012-இல் வைத்த 300 அப்படியே நிற்கிறது. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். நாட்டின் பொருளாதாரம் வளர்ந்த வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தப் பத்து ரூபாயில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பேசட்டும்.

மீனவருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் முழு நிரந்தர ஊனத்துக்கு ஐந்து லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் விபத்து என்றால் எதுவாவது வந்து மோத வேண்டாமா? நைட்ரஜன் குமிழி யார் மீதும் மோதவில்லை, உள்ளேயிருந்தே கிளம்பியது. நம்பர் பிளேட்டும் இல்லை. எஃப்.ஐ.ஆர். யார் பெயரில் போடுவது?

எல்லாவற்றையும்விட ருசியான கதை கடைசியில் இருக்கிறது. அழுத்திய காற்றில் செய்யும் வேலையால் வருகிற நோய்க்கு நஷ்டஈடு உண்டு என்று நம் நாட்டுச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அது இருந்தது. நோயின் பெயர் அரசாங்கத்துக்கு நெடுங்காலமாகத் தெரியும்! ஒரே ஒரு நிபந்தனை: முதலாளி இருக்க வேண்டும். குளியாள் பங்குக்குப் போகிறவர். வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. சம்பளமில்லை, ஆகவே முதலாளி இல்லை. முதலாளி இல்லை, ஆகவே நோயும் இல்லை.

முதலாளி இல்லையாமே, கொஞ்சம் தேடிப் பார்ப்போம். இந்தக் கடலில் குளித்தெடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்குப் போனதாக மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டியவருக்குக்கூட இருபதில் ஒரு பங்கு. வெள்ளைக்காரன் ஆட்சியில் சிப்பியைக் கரைக்குக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. தூத்துக்குடியில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் அது சர்க்கார் தொழில்தான். சங்கும் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகம். வைத்த விலைக்கு அங்கேதான் கொடுக்க வேண்டும். அப்போதெல்லாம் எண்ணுவதில் ஒரு சிப்பி பிசகியதில்லை. இருபத்தைந்தையும் இருபதையும் கூட்டி முப்பத்தொன்பது என்று சொன்னதுமில்லை. எடுக்கும்போது நேர்க்கணக்கு, கொடுக்கும்போதுதான் தொண்ணூறால் வகுக்கிற கணக்கு.

ஆகவே படிவத்தில் “முதலாளியின் பெயர்” என்ற கட்டம் வந்தால் கோடு போட்டு விடாதீர்கள், மக்கா. இந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாக யார் பங்கு எடுத்தார்களோ அவர்கள் பெயரை எழுதுங்கள். கொட்டை எழுத்தில், அரசாங்கம் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள். கண்டிப்பாக நேரில் வரச் சொல்லுங்கள்.