தண்ணி அடிச்சிட்டுப் பூசணும்

எங்கள் ஊரில் கச்சான் இரண்டு வகை. ஒன்று, காந்திப் பூங்காவடியில் சுடச்சுடச் சரையில் சுற்றித் தருவது. அதை நாங்கள் தின்போம். மற்றது மேற்கிலிருந்து வீசுவது; அது எங்களைத் தின்னும். இந்தக் கதையில் வருவது இரண்டாவது.

வைகாசி பிறந்தால் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கம் மழையைக் கொட்டி, மலை ஏறுகையில் மிச்சத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சொட்டு ஈரமில்லாமல், இறங்க இறங்கச் சூடேறி எங்களிடம் வந்து சேரும். பெரிய இடத்துக் கலியாணத்தில் கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, எங்கள் வாசலில் வந்து பசிக்குது என்று நிற்கிற சொந்தக்காரரைப் போல. கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரப்பண்ணுவார்கள். மதுரையை எரித்தவளுக்கே இந்த மாதத்தில் குளிர்ச்சி வேண்டியிருக்கிறது. 52 வயது விஞ்ஞான டீச்சர் என்ன செய்வாள்?

நான் மட்டக்களப்புப் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவள். நாலு பக்கமும் வாவி. பாலம் ஏறாமல் வெளியே கால் வைக்க ஏலாது. 56 கிலோமீற்றர் நீளத் தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு எனக்கு வறண்ட தோல் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. "இந்த வேர்வையிலயா?" என்பார்கள். வேர்வை வேறு, எண்ணெய் வேறு. வேர்வை உப்புத் தண்ணீர்; காற்றுப் பட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் முகத்தில் தங்கும். தோலைக் காப்பது உள்ளே சுரக்கிற எண்ணெய்ப் பசை. மாதவிடாய் நின்ற பிறகு அது குறைந்துகொண்டே போகும். அதே வயதில்தான் முகத்தில் கருந்திட்டுகள் வந்து, மூடி மறைக்க ஏதாவது பூச வேண்டிய தேவையும் கூடுகிறது. இயற்கைக்கு நேரசூசி போடத் தெரியாது.

சாமத்திய வீட்டுப் படம் ஒன்றோடு எல்லாம் தொடங்கியது. அன்றைக்கு யாரோ கொடுத்த பவுண்டேசனைக் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருந்தேன். காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிப் படத்தில் மூக்கோரம் செதில், கண்ணடியில் வெடிப்பு, சிரித்த இடமெல்லாம் கோடு. குடும்ப வாட்ஸ்அப்பில் சுவிசிலிருந்து மச்சி கேட்டாள்: "என்னகா இது, உன்னிச்சைக் குளம் வத்தின மாதிரிக் கிடக்கு?" அதற்குக் கீழே பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். அதில் என் புருசனும் ஒருவர்.

தங்கச்சி மகளின் கலியாணம் ஆவணியில். கச்சான் இன்னும் ஓயாத காலம். அதற்கு முன் என் முகத்துக்குப் பொருத்தமான ஒரு திரவப் பவுண்டேசன் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

டவுணில் உள்ள ஃபேன்சி கடைக்குப் போனால், அங்கே நிற்கிற பொடியன் என்னிடம் படித்தவன். ஒன்பதாம் வகுப்பில் வாங்கில் ஏறி நின்றவன். இப்போது லாச்சிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

"டீச்சர், இத எடுங்க. மேட். எண்ணெய் வடியாது."

"எனக்கு வடிய ஒண்டும் இல்ல தம்பி."

"அப்ப இது. ஓயில் கொன்ட்ரோல்."

"கொன்ட்ரோல் பண்ண எண்ணெய் வேணுமே."

அவன் ராக்கை முழுவதும் இறக்கினான். பதினொரு போத்தல். பதினொன்றும் எண்ணெய் முகத்துக்கு. வெக்கை ஊர் என்றால் எல்லாருக்கும் முகம் வடியும் என்று யாரோ எங்கேயோ இருந்து தீர்மானித்து அனுப்பியிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தை வாசித்தேன். முன்வரிசையிலேயே சிலிக்கா என்றிருந்தது. புதுக் கைப்பையைத் திறந்தால் 'உண்ண வேண்டாம்' என்று எழுதிய சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதற்குச் சொந்தக்காரன். ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சுவதுதான் இந்தக் குடும்பத்தின் தொழில். அடுத்தது கயோலின். போரலஸ்கமுவவில் தோண்டிப் பீங்கான் செய்தார்களே, அந்த வெண்களி. இதைப் பூசினால் முகம் கோப்பையாகத்தான் வரும். அதுவும் கீறல் விழுந்த கோப்பை.

நிறம் பார்ப்பது அடுத்த கூத்து. பவுண்டேசன் என்பது வெள்ளைக்கு டைட்டேனியம் டையொக்சைட்டும், மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஒட்சைட்டுகளும் கலந்த குழம்பு. சொல்லப்போனால் வெள்ளைச் சுண்ணாம்பில் துருவைக் கரைத்த மாதிரி. ஆனால் பெயர்கள் ஐவரி, பேஜ், ஹனி, கரமல். 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற கம்பனி ஒரே தடவையில் 40 நிறங்களை இறக்கியபோது உலகமே அதிர்ந்ததாம். அந்த நாற்பதில் ஒன்று எனக்கென்று இருக்கலாம். இங்கே ராக்கில் இருந்தது நாலு. எங்கள் ஊரில் பெயர் வைத்திருந்தால் எவ்வளவு லேசு! பாலப்பம், பிளேன்டீ, கித்துள் பாணி, தொதல். நான் பாணிக்கும் தொதலுக்கும் நடுவில். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

கடை வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். டியூப் லைற்றின் கீழ் பிணத்துக்குக் கூட ஒரு பொலிவு வரும். தாடையோரம் மூன்று கோடு இழுத்துக்கொண்டு வெயிலில் பார்க்க வெளியே போனேன். இருந்து கறுக்கிறதா என்று பார்க்க அரை மணித்தியாலமாவது நிற்கவும் வேண்டும். வாவியோரம் நின்றேன். கன்னத்தில் மூன்று பட்டையோடு நிற்கிற டீச்சரைப் பார்த்து பாலத்தில் போன பழைய மாணவர்கள் எல்லாரும் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார்கள். முதலாளி, சாமானோடு ஓடிவிடுவேனோ என்று ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அவனும் மாணவன்தான்.

பார்த்ததில் நிறம் பொருந்தியது ஒன்று: மேட். வாங்கினேன்.

இதற்கிடையில் சுவிஸ் மச்சி பார்சல் அனுப்பினாள். சிரித்ததற்குப் பிராயச்சித்தம். பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளே ஹீட்டர் போட்டுப் போட்டு அவளுக்கும் தோல் வறண்டுபோய், வறண்ட முகத்துக்கான விசயமெல்லாம் அத்துப்படி. கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம் எல்லாம் போட்ட, தொட்டால் பால் ஆடையாக வழுக்குகிற சாமான். ஆனால் நிறம்? அவள் இருபத்தைந்து வருசமாகப் பனியைப் பார்த்து வெளுத்தவள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறாள். பூசினால் என் முகம் சூரிச்சிலும் கழுத்து புளியந்தீவிலும் நின்றன.

ஆகக் கையில் இரண்டு போத்தல். ஒன்றில் நிறம் சரி, குணம் பிழை. மற்றதில் குணம் சரி, நிறம் பிழை. கலந்தால் என்ன? எண்ணெயும் தண்ணீரும் கலக்காது என்று 28 வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். ஒன்று சிலிக்கோன் அடி, மற்றது தண்ணீர் அடி என்று இரண்டு லேபலிலும் இருந்தது. இருந்தும் ஆசை யாரை விட்டது? உள்ளங்கையில் கலந்து பூசினேன். ஐந்து நிமிடத்தில் எலுமிச்சம்புளி விட்ட பால் போலத் திரைந்து, தண்ணீர் தனியாக, கட்டி தனியாக, கன்னத்தில் ஒரு செய்முறைப் பரீட்சையே நடந்தது. நான் பெயில்.

அம்மா எல்லாவற்றையும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காலத்தில் பவுடர் டப்பா ஒன்றுதான். அது ஆறு பிள்ளைக்கும் ஒரு வருசம் வந்தது. "எருமைத் தயிர் பூசு புள்ள" என்றார். மட்டக்களப்பில் எந்த நோய்க்கும் கடைசி மருந்து முட்டித் தயிர். பூசிக்கொண்டு கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்தேன். தயிரின் லக்டிக் அமிலம் செத்த தோலைக் கழற்றும், உண்மை. ஆனால் வெடித்த தோலில் பட்டால் எரியும், அதுவும் உண்மை. எரிச்சலில் துள்ளி எழும்பியபோது பூனை மடியில் இருந்தது. எவ்வளவு நேரமாக நக்கியது என்று சொல்ல அம்மா மறுத்துவிட்டார்.

மாமா வந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஆள். வடமோடிக் கூத்தில் கர்ணனாக ஆடிய கால். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சுருக்கிப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுவந்தார். மாமாவின் ஊரில் அதை யாரும் சுருக்கவில்லை, விடியும் மட்டும் ஆடினார்கள். முகத்தில் முத்துவெள்ளை, கரப்புடுப்பு, பக்கத்தில் பெற்றோல்மக்ஸ் சூடு. விடியற்காலையில் கர்ணன் சாகும்போதும் முகப்பூச்சு வெடிக்கவில்லையாம்.

"எப்பிடி மாமா?"

"தேங்காண்ணெய். முதல்ல எண்ணெய், மறுகாத்தான் வெள்ளை."

தமிழில் நடிகன் பூசுகிற எதற்கும் அரிதாரம் என்றே பெயர் நின்றுவிட்டது. அரிதாரம் உண்மையில் ஒரு மஞ்சள் கல். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, நல்ல நஞ்சு. அந்த நஞ்சையே முகத்தில் பூசியவர்கள் எண்ணெயை மறக்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். அன்றைக்கு இரவே தேங்காய் எண்ணெயை அப்பி, அதன்மேல் மச்சியின் பவுண்டேசனைப் பூசினேன். ஆனால் முத்துவெள்ளை எண்ணெயில் குழைக்கிற தூள். என்னுடையது தண்ணீர்க் குழம்பு. பிடிக்க இடமில்லாமல் வாவிச் சல்பீனியா மாதிரி மிதந்து, நாடிப் பக்கம் போய் ஒதுங்கியது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போய்த் தீர்த்தமாடியபோது பிள்ளையாரிடம் இதை வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. 2022 ஆவணியில் சொக்லேற், வாசனைத் திரவியம், ஷாம்பூ முதலாக 300 வகைப் பொருள் இறக்குமதிக்குத் தடை போட்டபோது இந்த நாட்டில் எல்லாப் பெண்களும் உள்ள முகத்தோடுதானே நடமாடினோம், ஒருவரும் செத்துப்போகவில்லையே என்றும் மனதைத் தேற்றிப் பார்த்தேன். மனம் தேறவில்லை.

கலியாண வீடு என்று எங்கள் வீட்டு முன்சுவரையும் திருத்த வேண்டியிருந்தது. வாவிப் பக்கம் பார்த்த சுவர். உப்புப் பூத்து, பூச்சு செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. மேசன் அண்ணர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உடனே சாந்து குழைக்காமல், வாளியும் கோப்பையுமாகச் சுவருக்குத் தண்ணீர் எறிந்துகொண்டு நின்றார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதென்ன அண்ணன், கழுவுறீங்களா?"

"கழுவல்ல டீச்சர். காஞ்ச கல்லு. தண்ணி அடிக்காமப் பூசினா சாந்துல உள்ள தண்ணிய இது குடிச்சிரும். மறுகா சாந்து வெடிச்சிக் கழரும். தண்ணி அடிச்சிட்டுப் பூசணும்."

"அப்ப நல்லா ஊத்துங்களேன்."

"ஊத்தவும் கூடா. வடிஞ்சா சாந்து பிடிக்காது, வழுக்கிரும். ஈரம் இருக்கணும், தண்ணி நிக்கக் கூடா."

தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றேன். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்ததைவிட அந்த நிமிடத்தில் படித்தது கூட. நான் சாந்தை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன். சுவரை ஒருதரம் கூட நனைக்கவில்லை. மாமாவின் எண்ணெயில் வழுக்கினேன், கடைக்காரனின் களியில் வெடித்தேன்.

"பூசி முடிஞ்சா?" என்று கேட்டேன்.

"ஏழு நாளைக்கு விடாமத் தண்ணி அடிக்கணும்."

"ஏழு நாளா!"

"உங்களுக்கில்ல டீச்சர், சுவருக்கு."

உள்ளே ஓடினேன். முகத்தைக் கழுவி, துவாயால் ஒற்றி, ஈரம் காயுமுன் கிளிசரின் உள்ள கிறீம். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும்; ஆனால் கச்சான் போன்ற காய்ந்த காற்றில், மேலே மூடி ஒன்று இல்லாவிட்டால், கீழிருந்து தண்ணீரை இழுத்து காற்றுக்குத் தானம் கொடுத்துவிடும். ஆகவே அதன்மேல் வசலீன், ஒரு உளுந்தளவு, உள்ளங்கையில் தேய்த்து ஒற்றினேன். பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு ஈரப் பஞ்சால் பவுண்டேசன். மெல்லிசாக, தட்டித் தட்டி, இழுக்காமல். பவுடர் கிடையாது. மச்சியின் வெள்ளைப் போத்தல்தான்; பரிசோதனைக்கு நிறமா முக்கியம்? பின்னேரம் நாலு மணி வரை ஒரு வெடிப்பு இல்லை. வெள்ளைப் பேயாகத்தான் இருந்தேன், ஆனால் வெடிக்காத பேய்.

இனி வேண்டியது அந்தக் குணமும் என் நிறமும். மீண்டும் பழைய மாணவன். "மினுங்குற மாதிரி ஏதாவது கிடக்கா தம்பி?" என்றேன். ராக்குக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தான். "இத ஒருத்தரும் வாங்குறல்ல டீச்சர். எண்ணெய் வடியிற மாதிரித் தெரியுதாம்." 30 மில்லிலீற்றர். காலாவதித் திகதி முடிய இன்னும் பதினான்கு மாதம். தாடையில் ஒரு கோடு, வாவியோரம் அரை மணித்தியாலம். கோடு எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு வடிவு என்றால் அதுதான்.

கலியாணத்தன்று மண்டபத்துக்குள் நாலு மின்விசிறி, வெளியே கச்சான். கைப்பையில் சின்ன ஸ்பிறே போத்தலில் பன்னீர் வைத்திருந்தேன். மணித்தியாலத்துக்கு ஒருதரம் கழுவறைக்குப் போய்ச் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். தாலி கட்டி, சோறு தின்று, அழுது, பொம்பிளை மாப்பிள்ளையை அனுப்பும் வரை முகம் அசையவில்லை. மேசன் அண்ணரும் சாப்பிட வந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மண்டபத்துச் சுவரைத்தான் விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து அல்பம் வந்தது. படம் எடுத்த பொடியன் கம்ப்யூட்டரில் வைத்து எல்லாருடைய முகத்தையும் ஒரே சீராக வெளுப்பாக்கி, கோடு, திட்டு, மரு எல்லாவற்றையும் அழித்திருந்தான். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினார். குடும்பப் படத்தில் தனக்குப் பக்கத்தில் நிற்கிறவளை விரலால் தொட்டார்.

"இதாரு புள்ள, மாப்பிள்ளை பகுதி ஆக்களா?"