மைக்கைப் பிடிக்கப்போகும் மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டு. பங்குனி வெயில்ல கோட்டுப் போட்டுக்கிட்டு பஸ்ஸை விட்டு இறங்குனா தெரு நாய் குரைக்காம என்ன செய்யும்? வெளியூர்ல நீ சார். இந்தத் திண்ணையில என் தங்கச்சி மகன். என் மகளைக் கட்டுனவன். ரெண்டு வழியிலயும் உன்னைக் கேலி பண்ண எனக்குப் பாத்தியதை இருக்கு.

ஏதோ கீநோட்டாமே. மெட்ராஸ்ல நட்சத்திர ஓட்டல்ல ஆஸ்பத்திரி முதலாளிமாரு, மேனேஜருமாரு எல்லாம் கூடுறாகளாம். 45 நிமிசம் நீ ஒருத்தனே பேசணுமாம். மனக்காயத்துல இருந்து மீள்றது, லீடர்ஷிப்பு, வைத்தியத்துல ஏஐ. மூணையும் ஒரே மூச்சுல. பட்டிமன்றத்துக்குக்கூட ஒரு தலைப்புத்தான் குடுப்பாக, அதுக்கே ரெண்டு பக்கமும் ஆளு போடுவாக. நீ தனியாளா முப்பந்தி பரிமாறப் போற. சந்தோசம்.

போன தடவை பேசுன வீடியோவை உன் பொண்டாட்டி போன்ல காட்டுனா. நல்லாத்தான் பேசுற. சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் சொல்றேன், கோவிச்சுக்காதே.

எனக்குத் தெரிஞ்சு, பைபாஸ்ல மணல் சறுக்கி பைக்கோட விழுந்த. பழைய வீடியோவுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. புது வீடியோவுல லாரி வந்துருச்சு. அடுத்த வருசம் ரயிலு வந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். கால் ஒடிஞ்சது நெசம். ராத்திரியில கத்திக்கிட்டு எந்திரிச்சதும் நெசம், அடுத்த ரூம்புல படுத்திருந்த எனக்குத் தெரியாதா? அதைக் கேலி பண்ண எனக்கு வாய் வராது. நான் கேக்கிறது அந்தக் கர்ச்சீப்பைப் பத்தி. எந்த ஊர்ல பேசுனாலும் அதே வரியில குரல் கம்முது, அதே இடத்துல கர்ச்சீப் வெளிய வருது. அழுகைக்கு டைம்டேபிள் போட்ட மொத ஆள் நீதான் மாப்ளே.

இன்னொண்ணு. படம் போட்டுக் காட்டுறியே, அதுல ஒரு கழுகு பறந்துச்சு, ஒரு சூரியன் உதிச்சுச்சு, அப்புறம் நீ கையைக் கட்டிக்கிட்டு நின்ன. படுக்கையில கிடந்தப்ப உனக்கு மூத்திரச் சட்டி எடுத்தவளை அதுல தேடித் தேடிப் பாத்தேன். காணோம். கழுகா எடுத்துச்சு?

சரி, விசயத்துக்கு வாரேன். பேச்சுக்கு நடுவுல ஒரு வித்தை பண்ணுறியே: "எல்லாரும் பக்கத்து ஆளுபக்கம் திரும்புங்க, உங்க வாழ்க்கையில பட்ட பெரிய காயத்தை 2 நிமிசத்துல மனசைத் திறந்து சொல்லுங்க." அதை எடுத்துரு. உன் மக நர்சிங் படிக்கிறால்ல, லீவுக்கு வந்தா அவ பாடப் புத்தகத்தைத்தான் எனக்குக் கதையா வாசிக்கிறா. வெள்ளைக்காரன் இதைப் பண்ணிப் பாத்துக் கையைச் சுட்டுக்கிட்ட கதை எனக்கு மனப்பாடம்.

1983ல அமெரிக்காவுல மிட்செல்னு ஒருத்தர் ஒரு முறை சொன்னாரு. தீயணைக்கிறவங்க, ஆம்புலன்ஸ்காரங்க கோரத்தைப் பாத்துட்டு வந்தா உடனே கூட்டமா உக்கார வச்சு, என்ன பாத்தே, என்ன நினைச்சேன்னு வரிசையாச் சொல்ல வைக்கணும்னு. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஊரெல்லாம் பரவிருச்சு, விபத்துல மாட்டுனவன், தீக்காயம் பட்டவன், யாரைக் கண்டாலும் உக்கார வச்சுக் கேக்க ஆரம்பிச்சுட்டாக. வேல்ஸ்ல கார்டிஃப்னு ஒரு ஊரு. அங்க தீக்காயத்தோட வந்த 133 பேரை ரெண்டா வகுந்து, ஒரு பாதியை மட்டும் பேச வச்சாக. 13 மாசம் கழிச்சுப் பாத்தா, பேச வச்ச பக்கம் 100க்கு 26 பேருக்கு மனக்காயம் ஆறாமத் தூக்கம் கெடுக்கிற நோவு. சும்மா விட்ட பக்கம் 9 பேருக்கு. பேச வச்ச பக்கத்து ஆளுகளுக்குக் காயம் முதல்லயே கொஞ்சம் கூடுதல், அதையும் சொல்லிரணும். ஆனா இந்த மாதிரி சோதனைகளை எல்லாம் கூட்டி அலசுன காக்ரேன் குழு, 2002ல, ஒரே ஒரு நாள் உக்கார வச்சுக் கிளறுறதால பலன் ஒண்ணும் இல்லை, கட்டாயப்படுத்துறதை நிப்பாட்டுங்கன்னு எழுதிருச்சு. ஆறிக்கிட்டு வர்ற புண்ணுல பொருக்கைப் பிச்சுப் பிச்சு, ஆறுதா ஆறுதான்னு பாத்த கதை.

பேசவே கூடாதுன்னு நான் சொல்லல. நோவு முத்திப்போய்க் கிடக்கிறவனுக்குப் பேச்சு வைத்தியம் இருக்கு, கேக்கும். அது படிச்ச ஆள்கிட்ட, கதவைச் சாத்திக்கிட்டு, வாரா வாரம் நடக்கிற காரியம். பஃபே சாப்பாட்டுக்கு முன்னால ஏசி ஹால்ல, கழுத்துல அட்டை தொங்கவிட்ட ஆளுகிட்ட 2 நிமிசத்துல முடியற வேலை இல்லை. அந்த ஹால்ல யாரோ ஒரு பொம்பளைப்பிள்ளைக்கு நெசமாவே ஒண்ணு இருக்கும். அவ பக்கத்துல அவ மேனேஜரு உக்காந்திருப்பான். அவ என்னத்தைச் சொல்லுவா?

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாளை எடுத்துக்கோ. நாகப்பட்டினம் ஜில்லாவுல மட்டும் 6,000 பேருக்கு மேல கடல் கொண்டுபோச்சு. ஆறுதல் சொல்ல எங்கெங்கேயோ இருந்து ஆளு வந்தாக, நல்ல மனசோடதான். ஆனா கரையில நின்னவளுக்கு வேண்டியது என்ன? பிள்ளை உடம்பு கிடைக்கணும். ராத்திரிக்குக் கூரை வேணும். புருசனுக்குப் படகும் வலையும் வேணும். இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கணும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க இதைப் புரிஞ்சுக்கிட்டு, உள்ளூர் ஆளுகளுக்கே பழக்கிவிட்டாக; கூட இரு, கேளு, ஆகவேண்டிய காரியத்துக்குக் கை குடுன்னு. உலகச் சுகாதார நிறுவனம் 2011ல போட்ட கையேட்டுலயும் அதுதான் இருக்கு: பாரு, கேளு, சேக்க வேண்டிய இடத்துல சேத்துவிடு. நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்காதேன்னு அதுல எழுதியே இருக்கு. இதுக்குக் கழுகு படம் தேவைப்படல பாரு.

லீடர்ஷிப்புக்கு நீ சிங்கம் போட்டிருக்க. அதையும் எடுத்துரு, சிங்கம் நாள்பூராத் தூங்குற சாதி. நம்ம எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரத்துல பிறந்த ஒருத்தரைச் சொல்றேன். டாக்டர் வெங்கடசாமி. ஸ்டான்லியில படிச்சிட்டுப் பட்டாளத்துல டாக்டராப் போனாரு. பிரசவ வைத்தியம் பாக்கணும்னு ஆசை. 30 வயசுவாக்குல முடக்குவாதம் வந்து படுக்கையில தள்ளி, விரலெல்லாம் கோணிப்போச்சு. பட்டாளமும் போச்சு, பிரசவ வைத்தியமும் போச்சு. மனுசன் கண் வைத்தியத்துக்கு மாறி, அந்தக் கோணுன விரலாலயே கத்தி பிடிச்சுப் பழகி, ஆயுசுல 1 லட்சத்துக்கு மேல ஆபரேசன் பண்ணுனாரு. சர்க்கார் வேலையில இருந்து ரிட்டயர் ஆன பிறகு, 1976ல மதுரையில 11 கட்டிலோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. குடுக்க முடிஞ்சவன் குடுக்கிற காசுல இல்லாதவனுக்கும் கண்ணு தெரியுது. கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுவந்து 2 வருசம் பழக்கி, டாக்டரு கத்தி வைக்கிற நேரம் போக மத்த வேலை முக்காவாசியை அதுக கையில ஒப்படைச்சாரு. 1993ல ஹார்வர்டுக்காரன் இதைப் பாடமா எழுதி வச்சுக்கிட்டான். உன் மூணு தலைப்புல ரெண்டு அவரு உடம்புலயே இருந்துச்சு. நீ என்னடான்னா ஆப்பிரிக்காவுல இருந்து சிங்கத்தை இறக்குமதி பண்ற.

ஹார்வர்டுன்னதும் ஞாபகம் வருது. அங்க ஏமி எட்மண்ட்சன்னு ஒரு அம்மா, படிச்சுக்கிட்டு இருந்த காலத்துல, ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து மாத்திக் குடுக்கிற தப்பை எண்ணப் போச்சு. நல்ல தலைமை இருக்கிற வார்டுல தப்பு குறைச்சலா இருக்கும்னுதானே நினைப்போம்? கூடுதலா இருந்துச்சு. அந்த அம்மா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டுப் பாத்தா, தப்பு கூட நடக்கல, கூடச் சொல்லியிருக்காக. கடுகடுன்னு இருக்கிற வார்டுல தப்பு நடந்தாலும் நர்சம்மா முழுங்கிருவா. 1996ல வெளியான விசயம். இதை உன் ஆஸ்பத்திரியில ஒரு தடவை பாரேன். போன வருசம் உன் ஆளுக உன்கிட்ட வந்து சொன்ன தப்பு எத்தனை? ஒண்ணும் இல்லைன்னு பெருமையா விரலை ஆட்டாதே. அதுதான் பயமா இருக்கு.

இப்ப ஏஐக்கு வருவோம். இதுலயும் நம்ம மதுரை இருக்கு. சர்க்கரை வியாதி கண்ணோட பின்படலத்தைத் தின்னுரும்ல, அதைப் படம் பிடிச்சு மெசினே கண்டுபிடிக்கிற வேலையை கூகுள்காரன் செஞ்சான். 2016ல முடிவு வந்துச்சு. அதுக்குக் காட்டிப் பழக்குன 1,28,000 படத்துல அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. 54 டாக்டருமாரு ஒவ்வொரு படமாப் பாத்துப் பாத்து, இது கெட்டிருக்கு, இது தேவலைன்னு சொன்னதைக் கேட்டுத்தான் மெசினு படிச்சுச்சு. நீ ஸ்லைடுல 'மனிதனைத் தேவையற்றதாக்கும் புரட்சி'ன்னு போட்டிருக்க. 54 பேர்கிட்ட பாடம் கேட்டது எப்படி மாப்ளே தனியாப் பிறந்த பிள்ளை ஆகும்?

அதே மெசினைத் தாய்லாந்துல 11 சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. 2020ல அறிக்கை வந்துச்சு. மெசினுக்கு அறிவு குறைச்சல் இல்லை. கண்ணுப் பாப்பா விரியணும்னா ரூம்பு இருட்டா இருக்கணும். இருட்டாக்க வசதியாத் தனி ரூம்பு இருந்தது 2 இடத்துலதான். எடுத்த 1,838 படத்துல 100க்கு 21ஐ, படம் தெளிவா இல்லைன்னு மெசினு தள்ளிருச்சு. இன்டர்நெட்டு ஊர்ந்துச்சு. படம் தள்ளுபடி ஆனவன் வேற ஊரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். அதனால சில நர்சம்மாவே நோயாளிகிட்ட, இந்த மெசின் சோதனையில சேர வேண்டாம்னு சொல்லிருச்சு. முன்னாடியே அந்த நர்சம்மாவை உக்கார வச்சு, தாயி, இங்க என்ன இருக்கு என்ன இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் திரையாவது வாங்கியிருக்கலாம். இந்தக் கதையை அந்த கூகுள் ஆளுகளே மறைக்காம எழுதுனாக. நீ உன் ஆஸ்பத்திரியில வாங்குன மெசினைப் பத்தி எழுதச் சொன்னா எழுதுவியா?

இன்னொரு பழைய கதையும் உன் மக சொன்னா. 1966ல வெய்சன்பாம்னு ஒரு வாத்தியாரு எலிசான்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செஞ்சாரு. நீ 'எனக்குக் கவலையா இருக்கு'ன்னு அடிச்சா, 'எவ்வளவு நாளாக் கவலையா இருக்கு?'ன்னு திருப்பிக் கேக்கும். அவ்வளவுதான், உள்ள ஒண்ணும் கிடையாது. அவருகிட்ட வேலை பாத்த செகரட்டரி அம்மாவுக்கு அது வெத்துப் பெட்டின்னு தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வார்த்தை அடிச்ச பிறகு, ஐயா நீங்க கொஞ்சம் வெளிய போங்கன்னு சொல்லிருச்சாம். பெட்டி என்ன செஞ்சுச்சு? குறுக்க பேசல. வாட்சைப் பாக்கல. தன் லாரிக் கதையை எடுத்து விடல. நீ மனுசன், உனக்குக் காது ரெண்டு இருக்கு. வீட்டுல உன் பொண்டாட்டியும் மகளும் உன்கிட்டப் பேசுனது கடைசியா எப்பன்னு நான் கேக்கல. வெத்துப் பெட்டிகிட்ட அவுக போயிரக் கூடாதுன்னு ஒரு கவலை.

அதனால 45 நிமிசத்தை இப்படி வகுந்துக்கோ. நீ 15 நிமிசம் பேசு. மிச்சத்துல மைக்கைக் கீழ இறக்கி, ராத்திரி ஷிஃப்ட் பாக்குற 4 நர்சம்மாவைக் கூப்பிட்டுக் கேளு. என்ன, அழைப்பு வைக்கலையா? மாநாட்டுக் கட்டணம் அவுக சம்பளத்துல பாதியா? அப்ப ஒண்ணு செய். உன் பெட்டியைத் தூக்க வர்ற ஆளா ஒருத்தியைக் கூட்டிட்டுப் போ. உள்ள போனதும் பெட்டியை நீ வாங்கிக்கோ, மைக்கை அவகிட்டக் குடு. முதலாளிமாரு முகத்தைப் பாக்க நான் சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வருவேன்.

கடைசியில கேள்வி நேரம் வரும். 'ஏஐ வந்தா டாக்டருமாரு இருப்பாகளா சார்?'னு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். வருசக் கணக்கு மட்டும் சொல்லிராதே. ஜெஃப்ரி ஹின்டன்னு இந்தத் தொழிலுக்கே பெரியவரு. 2016ல, எக்ஸ்ரே பாக்குற டாக்டருமாரை உருவாக்குறதை இப்பவே நிப்பாட்டுங்க, 5 வருசத்துல மெசினு அவுகளை மிஞ்சிரும்னு சொன்னாரு. 5 வருசம் போய் அதுக்கு மேலயும் போயிருச்சு. எக்ஸ்ரே டாக்டர் பத்தலைன்னுதான் இன்னைக்கும் பல ஊர்ல கூப்பாடு. அவருக்கு என்ன, 2024ல நோபல் பரிசே குடுத்துட்டாக, தாங்கும். உனக்குப் போடப்போறது ஒரு சால்வை. அதனால எதிர்க்கேள்வி போடு: 'உங்க ஆஸ்பத்திரியில ராத்திரிக்கு எத்தனை நோயாளிக்கு ஒரு நர்சு? அதைச் சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்.' எல்லாரும் காபிக்கு எந்திரிச்சிருவாக. அதுக்கப்புறம் உன்னைத் திரும்பக் கூப்பிடமாட்டாக, அது வேற விசயம். செக்கை மட்டும் மேடை ஏறுறதுக்கு முன்னாலயே வாங்கிப் பையில வச்சிரு.